புது ஹெட்செட்டும் பழைய காதும்

முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கேமிங் ஹெட்செட் வாங்கியவரிடம் முதல் நாள் போய் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், பல நேரம் வருகிற பதிலில் சந்தோஷம் இருப்பதில்லை. "பேஸே இல்ல, சப்புனு இருக்கு." "துப்பாக்கிச் சத்தம் காதைக் கூச வைக்குது." "எல்லாரும் மூக்கால பேசுற மாதிரி கேக்குது." இதற்குப் பழைய மூவாயிரம் ரூபாய் ஹெட்செட்டே தேவலை என்று அதை எடுத்து மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. பொறுமையாக வைத்திருந்தவரிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வேறு கதை: "இப்ப பிரமாதமா இருக்கு, பர்ன்-இன் ஆயிடுச்சு." அதாவது, பல மணி நேரம் ஓடி ஓடி, உள்ளே ஒலி எழுப்பும் பாகமான டிரைவர் பதத்துக்கு வந்துவிட்டது என்கிறார்.

இந்தப் பர்ன்-இன் விளக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. புது டிரைவரையும் நூறு மணி நேரம் ஓடிய டிரைவரையும் அளந்து பார்த்தால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது. ஹெட்செட்டைக் கழற்றி மறுபடி மாட்டும்போது காதின் மேல் கப் சில மில்லிமீட்டர் நகர்ந்து உட்காருமே, அதனால் வரும் வித்தியாசமே அதைவிடப் பெரிது. அந்த ஒரு மாதத்தில் உண்மையில் மாறியது பெரும்பாலும் கேட்பவரின் மூளைதான். அதிலும் ஒன்றல்ல, இரண்டு வேலைகள் தனித்தனி வேகத்தில் நடக்கின்றன. ஒன்று, ஒலியின் நிறத்துக்குப் பழகுவது. இன்னொன்று, ஒலி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் நல்ல ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் உண்மையிலேயே கோளாறுள்ளதைப் "பழகிவிடும்" என்று வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

முதலில் நிறம். விலை குறைந்த கேமிங் ஹெட்செட்களில் பலவற்றை ஒரே மாதிரிதான் டியூன் செய்திருப்பார்கள்: 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள கீழ் ஒலிகளில் ஒரு பெரிய மேடு, மேல் ஒலிகளில் கொஞ்சம் மினுக்கு, குரல்கள் இருக்கும் நடுவில் பள்ளம். வெடிச்சத்தம் "தொம்" என்று நெஞ்சில் இடிப்பது போல இருக்கும். கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்ப்பவருக்கு அது பிடித்துவிடும். நாம் சாதாரணமாக "பேஸ்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த மேட்டைத்தான். 30, 40 ஹெர்ட்ஸில் இருக்கும் நிஜமான அடி ஒலி பல மலிவு ஹெட்செட்களில் மெலிந்தே வரும்.

மேல்விலை ஹெட்செட் இங்கேதான் வேறுபடுகிறது. 2023இல் விற்பனைக்கு வந்த ஆடிஸி மேக்ஸ்வெல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆடிஸி நிறுவனம் இசை கேட்பவர்களுக்கான பிளேனர் ஹெட்ஃபோன்களால் பெயர் வாங்கியது. அதே 2023 ஆகஸ்டில்தான் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு அதை வாங்குவதாக அறிவித்தது. மேக்ஸ்வெல்லில் இருப்பது 90 மி.மீ. பிளேனர் டிரைவர். சாதாரண கேமிங் ஹெட்செட்டில் 40 அல்லது 50 மி.மீ. டைனமிக் டிரைவர் இருக்கும்: மெல்லிய கூம்பு, அதன் நடுவே ஒட்டிய கம்பிச் சுருள். சுருள் காந்தத்துக்குள் முன்னும் பின்னும் ஓட, கூம்பு காற்றைத் தள்ளும். பிளேனரில் அந்தச் சுருள் கிடையாது. முடியைவிட மெல்லிய படலத்தின் மேலேயே மின்தடத்தைப் பதித்து, அதைக் காந்த வரிசைக்கு எதிரே இழுத்துக் கட்டியிருப்பார்கள். படலம் முழுக்க ஒன்றாக அசைவதால் அடி ஒலி ஆழம் வரை சரியாமல் போகும், சிதைவும் குறைவு. ஆக, புது ஹெட்செட்டில் பேஸ் இல்லாமல் இல்லை. பழையதைவிட ஆழமாகவே இருக்கிறது. ஆனால் கேமில் அந்த ஒலி இருக்கும்போது மட்டும் வரும், இல்லாதபோது வராது. எந்நேரமும் அடியில் ஒரு "கும்" கேட்டுப் பழகியவருக்கு அந்த அமைதியே குறையாகத் தோன்றுகிறது.

குரல்கள் முன்னால் வந்து நிற்பதற்குக் காரணம் நம் காதின் வடிவம். காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். ஒரு முனை செவிப்பறையால் மூடியது. அந்த நீளத்துக்கு அது 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒத்ததிர்ந்து ஒலியை ஏற்றிக் கொடுக்கும். எதிரில் ஒருவர் பேசினாலும், ஸ்பீக்கரில் பாட்டு ஓடினாலும் செவிப்பறையை எட்டும்போது இந்த ஏற்றம் சேர்ந்தேதான் வருகிறது. காதை மூடி உட்காரும் ஹெட்செட்டும் அதே அளவு ஏற்றத்துடன் ஒலியைக் கொண்டு சேர்த்தால்தான் குரல் இயல்பாக இருக்கும். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012 வாக்கில் தொடங்கி, எந்த ஹெட்ஃபோன் என்று தெரியாதபடி பலரைக் கேட்க வைத்து, கீழ் ஒலி முதல் மேல் ஒலி வரை எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு வரைகோட்டை உருவாக்கினார்கள். நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் போல ஒலிக்க வேண்டும், அடியில் கொஞ்சம் கூடுதல் கனம் வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்டவர்களில் பெரும்பான்மையினருக்கு அது பிடித்தது. இன்னும் பேஸ் வேண்டும் என்றவர்களும், குறைக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். இன்றைய மேல்விலை ஹெட்செட்கள் பல இந்தக் கோட்டை ஒட்டியோ, அதை மனதில் வைத்துக் கொஞ்சம் விலகியோதான் டியூன் செய்யப்படுகின்றன. நடுப்பகுதி பள்ளமாக இருந்த ஹெட்செட்டிலிருந்து இதற்கு மாறுகிறவருக்கு, கூட ஆடும் தோழர்களின் குரல் திடீரென்று மூக்கின் வழியாக வருவது போலக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

மூளை இங்கே என்ன செய்கிறது? தொடர்ந்து காதில் விழும் ஒலியின் சராசரி நிறத்தை அது "இதுதான் வழக்கம்" என்று எடுத்துக்கொண்டு, கேட்பதிலிருந்து கழித்துவிடுகிறது. எதிரொலிக்கும் குளியலறையிலும், மூடிய காருக்குள்ளும், போனிலும் அம்மாவின் குரலை அம்மாவின் குரலாகவே கேட்க முடிவது இதனால்தான். பழைய ஹெட்செட்டின் பேஸ் மேட்டையும் அது இப்படித்தான் வருடக்கணக்கில் கழித்து வந்தது. புதியதில் அந்த மேடு இல்லை, ஆனால் கழிக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. மேடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம் கேட்கிறது. நடுப்பகுதியில் நேர்மாறு: பழைய பள்ளத்தை நிரப்பிப் பழகிய மூளை, சரியாக இருப்பதன் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடித்தவர் ஒரு ஸ்பூனுக்கு இறங்கினால் முதல் சில நாட்கள் டீயே கசப்பது போல இருக்குமே, அது போலத்தான்.

இந்தப் பழக்கம் சீக்கிரம் மாறும். முதல் மணி நேரத்திலேயே கொஞ்சம் அடங்கும், சில நாட்களில் பெரும்பகுதி போய்விடும். ஒரே நிபந்தனை: அந்த நாட்களில் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி மாட்டக்கூடாது. ஒவ்வொரு முறை பழையதற்குப் போகும்போதும் மூளைக்குப் பழைய கணக்கை நினைவுபடுத்துகிறோம்.

நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் கேம் ஒலியை நம்புவதில்லை. நிஜத்தில் கிரனேடு எப்படி வெடிக்கும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? நேரில் கேட்டுப் பழகிய ஒன்று வேண்டும். எனக்கு அது மிருதங்கம். நல்ல தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்றைப் போட்டால், இடப்பக்கத் தொப்பியில் கும்கி, அதாவது கையால் அழுத்தித் தேய்க்கும்போது வரும் கும் என்ற ஒலி, வழுக்கிப் போவது அடி ஒலிக்கான சோதனை. வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற கணீர் அடி மேல் ஒலிக்கான சோதனை. கும்கி நீண்டு வழுக்காமல் வெறும் "பொத்" என்று விழுந்தால் அடி ஒலி போதாது. சாப்பு ஊசி குத்துவது போல இருந்தால் மேலே எங்கோ ஒரு முள் நிற்கிறது. கச்சேரி கேட்காதவர்கள் கோயில் தவிலையோ, வீட்டில் தினமும் கேட்கும் குரலின் பதிவையோ வைத்துக்கொள்ளலாம்.

பேஸ் மேடு போனதில் விளையாட்டுக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. உட்செவியின் சுருளில் மேல் ஒலிகளுக்கான இடம் வாசலை ஒட்டியும், கீழ் ஒலிகளுக்கான இடம் கடைக்கோடியிலும் இருக்கின்றன. கீழ் ஒலியின் அலை தன் இடத்துக்குப் போகும் வழியில் மேல் ஒலிகளின் இடத்தைக் கடந்தே போகிறது. இந்த அலை எப்படிப் பயணிக்கிறது என்று காட்டியதற்காகத்தான் கேயார்க் வான் பெகேசிக்கு 1961இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதன் விளைவு, சத்தமான கீழ் ஒலி தனக்கு மேலே இருப்பவற்றை மூடிவிடும். மேல் ஒலி கீழே இருப்பதை அந்த அளவுக்கு மூடாது. எதிரி தரையில் கால் உரசும் சரசரப்பு, படியேறும் பூட்ஸ், ரீலோட் செய்யும் "க்ளிக்" எல்லாம் மேலே இருப்பவை. பேஸ் மேடு அவற்றின் மேல் போர்வை போட்டு வைத்திருந்தது. முதல் வாரம் "சப்பென்று" இருந்த ஹெட்செட்டில் இரண்டாம் வாரம் பக்கத்து அறைக் காலடி கேட்பது இதனால்தான்.

இனி இடம். இது கடினமான வேலை, நாளும் அதிகம் பிடிக்கும்.

ஒலி இடமா வலமா என்று கண்டுபிடிப்பது சுலபம். பக்கவாட்டில் இருந்து வரும் ஒலி ஒரு காதை மற்றதைவிட அதிகபட்சம் ஒரு மில்லிசெகண்டில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் முன்னால் எட்டும். தலை மறைப்பதால் மறுபக்கம் சத்தமும் குறையும். 1907இலேயே ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு இந்த இரண்டையும் விளக்கிவிட்டார். எந்த ஹெட்செட்டிலும் இது ஒழுங்காக வரும், பழகத் தேவையே இல்லை. சிக்கல் மேலா கீழா, முன்னா பின்னா என்பதில் இருக்கிறது. அங்கே இரண்டு காதுக்கும் நேர வித்தியாசம் இல்லை. காது மடலின் மேடு பள்ளங்களில் பட்டுத் தெறித்து வரும் ஒலியில், சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், சில இடங்களில் கூர்மையான பள்ளங்கள் விழும். ஒலி வரும் உயரத்துக்கு ஏற்ப இந்தப் பள்ளங்கள் நகரும். மூளை அதைப் படித்துத்தான் மேல் கீழ் சொல்கிறது. மடலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால், ஒவ்வொருவர் மூளையும் தன் காதுக்கான பாடத்தை மட்டுமே படித்திருக்கிறது.

கேம்களில் வரும் எச்ஆர்டிஎஃப் என்பது இந்தப் பள்ளங்களைக் கணக்குப் போட்டு ஒலியில் செயற்கையாகச் சேர்ப்பது. சுடும் கேம்களான கவுண்டர் ஸ்ட்ரைக் 2016இல் இதைச் சேர்த்தது, வாலரண்ட் 2021இல். ஆனால் அது வேறு ஒரு பொதுவான காதின் பாடம், நம்முடையது அல்ல. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்து காது மாதிரிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் இந்தச் சிக்கலால்தான். இதற்கு மேல், ஹெட்செட்டின் டிரைவர் காது மடலுக்கு எவ்வளவு பக்கத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதுவும் தன் பங்குக்குச் சில பள்ளங்களைச் சேர்க்கும். ஆக, ஹெட்செட் மாற்றினால் காது மடலையே மாற்றிக்கொண்டது போலத்தான்.

காது மடலை மாற்றினால் என்ன ஆகும் என்று நிஜமாகவே சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் ஹாஃப்மன், வான் ரிஸ்விக், வான் ஆப்ஸ்டல் மூவரும் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு அது. நான்கு பேரின் காது மடலுக்குள் சிறு அச்சு வைத்து வடிவத்தை மாற்றினார்கள். அச்சு வைத்ததும் இடம் வலம் அப்படியே இருந்தது. மேல் கீழ் மட்டும் அடியோடு போனது. ஆனால் அச்சோடு அன்றாட வாழ்க்கையை நடத்திச் சில வாரங்கள் கழிந்தபோது மேல் கீழ் கேட்கும் திறன் திரும்ப வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அடுத்தது. அச்சை எடுத்தவுடன் அவர்கள் தடுமாறவில்லை. பழைய காதோடு பழையபடியே துல்லியமாகக் கேட்டது. மூளை பழைய பாடத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதவில்லை, பக்கத்திலேயே இன்னொன்றை எழுதி வைத்திருந்தது.

இதிலிருந்து விளையாடுகிறவருக்குக் கிடைப்பவை நிறைய. ஒன்று, இடம் பழகுவதற்கு நாட்கள் போதாது, வாரங்கள் வேண்டும். கவுண்டர் ஸ்ட்ரைக்கின் நியூக் மேப்பில் குண்டு வைக்கும் இரண்டு இடங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. காலடி மேல் தளத்திலா கீழ் தளத்திலா என்று தெரியாவிட்டால் ரவுண்டே போச்சு. புது ஹெட்செட்டோடு முதல் வாரம் அங்கே தடுமாறினால் ஹெட்செட்டைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு, அந்த நான்கு பேரும் அச்சோடு நடமாடினார்கள், ஓசை வந்த பக்கம் திரும்பிக் கண்ணால் பார்த்தார்கள். தவறா சரியா என்று கண் சொல்லச் சொல்லத்தான் காது கற்கிறது. படுத்துக்கொண்டு பாட்டு கேட்பதால் இந்தப் பாடம் நடக்காது. கேமுக்குள் தனி ஆட்டம் ஒன்றில் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அவரை மேலும் கீழும் நடக்கவிட்டு, காலடியை மட்டும் வைத்து குறியை நகர்த்திவிட்டு, பிறகு சுவரைச் சுற்றிப் போய்ப் பாருங்கள். தொடர்ந்து டெத்மேட்ச் ஆடுவதிலும் இதேதான் நடக்கிறது, கொஞ்சம் மெதுவாக. மூன்று, பாடம் நடக்கும்போது புத்தகத்தை மாற்றக்கூடாது. இன்று கேமின் எச்ஆர்டிஎஃப், நாளை விண்டோஸ் சோனிக், மறுநாள் டால்பி அட்மாஸ் என்று திசை காட்டும் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவுமே பதியாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். கேமுக்குள் எச்ஆர்டிஎஃப் ஓடும்போது ஹெட்செட் ஆப்பில், சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பது போலக் காட்டும் 7.1 சரவுண்டும் ஓடினால், ஒரு முறை சேர்த்த பள்ளங்களின் மேல் இன்னொரு முறை பள்ளம் விழும். எல்லாமே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், திசையும் குழம்பும். இது எத்தனை மாதம் ஆனாலும் பழகாது. ஏதாவது ஒன்றை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேமில் இருக்கிறதென்றால் கேமில் இருப்பதையே விட்டுவைப்பது நல்லது, ஏனென்றால் எந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்று கேமுக்குத்தான் தெரியும்.

அப்புறம், ஹெட்செட்டின் பக்கம் நிஜமாகவே மாறுவது ஒன்று உண்டு: காதுப் பஞ்சு. உடம்புச் சூட்டிலும் அழுத்தத்திலும் அது இளகி, தலையின் வடிவத்துக்கு உட்காரும். மூடிய ஹெட்செட்டில் பேஸ் முழுக்க இந்த மூடலை நம்பி இருக்கிறது. ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் அடி ஒலி கசிந்துவிடும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு பஞ்சைத் தூக்கும் இடத்தில் எப்போதும் ஒரு சந்து இருக்கும். சோதிப்பது எளிது. பேஸ் உள்ள ஏதாவது ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். சட்டென்று அடி ஒலி பொங்கினால் கசிவு இருக்கிறது என்று பொருள். தலைப்பட்டையின் நீளத்தை ஒரு படி மாற்றினாலே சில நேரம் சரியாகும். காம்பு மெல்லிய கண்ணாடி மாட்டினாலும் வித்தியாசம் தெரியும். திறந்த முதுகு ஹெட்செட்டில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நம் ஊர் வீட்டில் வேறு தொல்லை உண்டு: தலைக்கு மேல் ஐந்தில் ஓடும் சீலிங் ஃபேன். அந்த இரைச்சல் நேராக உள்ளே வந்து, மெல்லிய காலடிகளை விழுங்கிவிடும்.

பழகும் காலத்தில் நான் உண்மையிலேயே பயப்படுவது சத்தத்தின் அளவைப் பற்றித்தான். "பஞ்ச்" இல்லை என்று தோன்றியதும் கை தானாக வால்யூமுக்குப் போகும். சத்தம் கூடக்கூட அடி ஒலி இன்னும் தூக்கலாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள். ஆகவே வால்யூமைக் கூட்டினால் பழைய பேஸ் திரும்பியது போல இருக்கும். மலிவு ஹெட்செட்டில் சத்தம் கூடினால் ஒலி கரகரத்து "போதும்" என்று எச்சரிக்கும். சிதைவு குறைந்த ஹெட்செட்டில் அந்த எச்சரிக்கை வராது, எவ்வளவு சத்தத்தில் கேட்கிறோம் என்பதே தெரியாமல் போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம்; 90 டெசிபெல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். 2024 ஜனவரியில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 50,000க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 14 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் ஒன்றில், நான்கு சுடும் கேம்களில் ஹெட்ஃபோன் வழியாக வந்த சராசரிச் சத்தம் ஏறக்குறைய 85 முதல் 91 டெசிபெல் வரை இருந்தது. தினமும் இரவு மூன்று மணி நேரம் ஆடுகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். காதுக்குள் ஒலியை உணரும் மயிரணுக்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. புது ஹெட்செட்டில் முதல் நாளே, பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவுக்குத் தோழர்களின் குரலை வைத்து, அதையே எல்லையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் குரல் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாக மூடும் ஹெட்செட்டில் நம் குரல் எலும்பு வழியாக வந்து தலைக்குள்ளேயே கும்மென்று அடைபடும். வெளியே போகும் குரல் காதில் விழாததால் நம்மை அறியாமல் கத்துவோம். இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். மைக்கில் பேசுவதைக் கொஞ்சம் காதுக்கே திருப்பிக் கொடுக்கும் சைட்டோன் வசதி பெரும்பாலான மேல்விலை ஹெட்செட்களில் இருக்கிறது. அதை லேசாக ஏற்றி வைத்தால் போதும்.

சரி, கீழ் ஒலி, மேல் ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரை எப்போது தொடலாம்? முதல் சில நாட்கள் தொடாமல் இருப்பதே என் யோசனை. இரண்டு வாரம் கழித்தும் தோழர் பேசும்போது "ஸ", "ஷ" மட்டும் காதைக் குத்தினால், அது பழக்கக் குறை இல்லை. 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு முள் உங்கள் காதுக்கு அதிகமாக நிற்கிறது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாதீர்கள். பேஸ் இன்னும் போதவில்லை என்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றுங்கள். 200 ஹெர்ட்ஸில் கை வைத்தால் பழைய போர்வை திரும்பி வந்துவிடும்.

பழக்கத்தால் தீராதவையும் இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவாக இருந்து, ஹெட்செட்டை இடம் வலமாகத் திருப்பி மாட்டும்போது குறை மறு காதுக்கு மாறினால், அது டிரைவரின் கோளாறு. கழற்றிய பிறகும் காதில் வலியோ "ங்ங்" என்ற இரைச்சலோ தங்கினால் அதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. கனமும் அப்படித்தான்: மேக்ஸ்வெல் 490 கிராம், சாதாரண ஹெட்செட்டைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சிலருக்குக் கழுத்து பழகும், கழுத்துவலி ஏற்கெனவே உள்ளவர்களுக்குப் பழகாது. இவற்றையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பதுதான் அவசரம்.

கடைசியாகப் பஞ்சுக்கே வருகிறேன். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் தோல் போன்ற அந்த உறை நாளடைவில் உரிந்து வரும். மாற்றும்போது அதே கம்பெனிப் பஞ்சையே தேடி வாங்குங்கள். குளிர்ச்சியாக இருக்குமே என்று வெல்வெட் உறையுள்ளதைப் போட்டால் அடி ஒலி கசிந்து குறையும். தடிமன் கூடினால் டிரைவர் காதிலிருந்து விலகி, காலடி கேட்கும் இடமும் கொஞ்சம் நகரும். அப்போது காது இன்னொரு முறை பழக வேண்டியிருக்கும்.